உப்புப் போடாத குழம்பு

முதலில் வீங்கியது கால். அம்மா அதை வீக்கம் என்று சொல்லவில்லை. ஈரமணலில் நடந்து வந்தவள் திரும்பிப் பார்த்து, தடம் இவ்வளவு பெரிசாக விழுகிறதே, பின்னால் வேறு எவளாவது மிதித்துக்கொண்டு வருகிறாளா என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

நாங்கள் தங்கச்சிமடத்துக்காரர்கள். அப்பா நான் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவுக்குக் கருவாட்டு வியாபாரம். கரையில் மீன் வாங்கி, கீறி, உப்பு வைத்து, மணலில் காயப்போட்டு, ஓலைக் கடகத்தில் அடுக்கித் தலையில் தூக்கிக்கொண்டு ரயிலேறுவாள். பரமக்குடியில் இறங்கி, பஸ் கிடைத்தால் பஸ், கிடைக்காவிட்டால் நடை. முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சந்தைகளில் விற்றுவிட்டுத் திரும்புவாள். இப்படித்தான் என்னையும் அக்காவையும் ஆளாக்கினாள். நான் பாம்பனில் ரயில்வேயில் கேங்மேன் ஆனேன். கடல்மேல் போகிற ரயில் பாலத்தில் தண்டவாளம் பார்க்கிற வேலை. அக்காவைக் கட்டிய அத்தான் கொழும்பில் ஒரு கடையில் இருந்தார். அதனால் அக்கா எங்களோடுதான் இருந்தாள். எனக்கு அப்போது கலியாணம் ஆகவில்லை. வீட்டில் சமையல் அக்காவின் கையில் இருந்தது.

ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை.

காலுக்குப் பிறகு மூச்சு. கரையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் அம்மா வழியில் நிற்க ஆரம்பித்தாள். நிற்கிறோம் என்று யாருக்கும் தெரியக் கூடாது. அதனால் கொண்டையை அவிழ்த்து முடிவாள். இல்லாவிட்டால் வேலிக்கு உள்ளே இருக்கிறவளைக் கூப்பிட்டு, கேட்கத் தேவையில்லாத எதையாவது கேட்பாள். பேச்சு நடுவில் மூச்சு வாங்கும். வாயைத் திறந்து வாங்குவாள். கரையில் எடுத்துப் போட்ட மீனைப் போல.

ஊரில் எல்லோரும் டாக்டர்கள். வாயு என்றார்கள், பூண்டைச் சுட்டுக் கொடுத்தோம். ரத்தம் செத்துப்போச்சு என்றார்கள்; முருங்கைக் கீரையாக அவித்துக் கொடுத்தோம். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஒருத்தி சொன்னாள். கருவாடு விற்கிறவளுக்குச் செய்வினை வைத்து எவன் என்ன சம்பாதிக்கப் போகிறான் என்று கேட்டு அவளை விரட்டினேன். கடைசியில் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். வயசாயிருச்சு. இந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இப்போதும் ஆகாது. வத்தைப் படகில் ஓட்டை விழுந்தால் குனிந்து எங்கே ஓட்டை என்று பார்க்கிற ஜனங்கள்தான் இவர்கள். மனுஷிக்கு மூச்சு விட முடியவில்லை என்றால் மட்டும் குனிந்து பார்க்க மாட்டார்கள். வயசு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

பிறகு அம்மாவால் படுக்க முடியாமல் போனது. பாயில் சாய்ந்தாள் என்றால் கொஞ்ச நேரத்தில் இருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடுவாள். பழைய வலையைச் சுருட்டிச் சுவரோடு வைத்து, அதில் சாய்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டாள். அக்கா கேட்டதற்கு, "படுத்தா எவளோ ஏறி நெஞ்சு மேல உக்காந்துக்கிறா. நான் எந்திரிச்சாத்தான் அவ எறங்குறா" என்றாள். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அக்கா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "ஏலே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நாளைக்கு நாளைக்குன்னு இருக்காத" என்றாள்.

பாம்பனில் அப்போது ஒரு டாக்டர் சொந்தமாக டிஸ்பென்சரி வைத்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மீன் வாடை ஆகாது. எந்நேரமும் கையில் ஒரு கைக்குட்டை இருக்கும். ஆனால் கெட்ட மனுஷர் இல்லை. யாரையும் அதட்ட மாட்டார். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் அவரைத் திட்டப் போகிறேன்.

நானும் அக்காவும் அம்மாவை அவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அம்மாவிடம் வயசு கேட்டார். எங்கள் வீட்டில் யாருக்கும் வயசு எழுதி வைத்தது கிடையாது. அம்மா சொன்னாள்:

"பாலத்துல மொத வண்டி போனப்ப நான் சட்டை போடாம திரிஞ்ச புள்ள, சார்."

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். அறுபத்தைந்து என்று எழுதிக்கொண்டார். வெளியே வந்து நான் கணக்குப் பார்த்தேன். பாலம் கட்டி எவ்வளவு காலம் ஆகிறது என்று பாலத்தில் வேலை செய்கிற எனக்குத் தெரியாதா? அம்மாவுக்கு ஐம்பதுகூட நிறைந்திருக்காது. வெயிலும் உப்பும் கடகமும் சேர்ந்து அவள் முகத்துக்குப் பதினைந்து வருஷத்தைக் கூட்டிவிட்டிருந்தன. முகத்தைப் பார்த்து நெஞ்சுக்கு வயசு போட்டார் டாக்டர். ஐம்பது என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பாரோ என்னவோ.

குழாயை வைத்துப் பார்த்தார். சேலைக்கு மேலேதான். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கல்லுப்போல் உட்கார்ந்திருந்தாள். துணியை விலக்கச் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. விலக்க இவளும் தயாராக இல்லை. மூன்று சுற்றுத் துணிக்கு அந்தப் பக்கம் அடிக்கிற நெஞ்சை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். காலைக் கட்டைவிரலால் அமுக்கினார். விரலை எடுத்த பிறகும் குழி நின்றது.

இதயம் பலவீனமாக இருக்கிறது, வயசானால் இப்படித்தான், அதனால் உடம்பில் நீர் கட்டுகிறது என்றார். மாத்திரை கொடுத்தார். பிறகு அக்காவைப் பார்த்து, அழுத்தமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"பத்தியமா இருக்கணும். உப்பு சேர்க்கவே கூடாது. பத்தியம் ரொம்ப முக்கியம்."

"எத்தன நாளைக்கு சார்?"

"இனிமே எப்பவும்."

அக்காவின் முகம் அப்போதுதான் தெளிந்தது. நான் பார்த்தேன். இதயம் என்றதும் பயந்துபோனவள், பத்தியம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தனக்குத் தெரிந்த ஒரு வேலை கிடைத்துவிட்டது அவளுக்கு.

எங்கள் கரையில் பத்தியம் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது பத்தியம். காய்ச்சலில் விழுந்து எழுந்தவனுக்குக் கொடுப்பது பத்தியம். புளி கிடையாது. மிளகாய் கிடையாது. மிளகும் பூண்டும் அரைத்துவிட்டு, பால்சுறாக் கருவாடு போட்டு வைக்கிற குழம்பு. பத்தியக் குழம்பு என்றால் அதுதான். பால்சுறா இல்லாமல் பத்தியம் இல்லை. உடம்பு தேற வேண்டியவளுக்கு எங்கள் ஜனங்கள் கடலிலிருந்து எடுத்துக் கொடுக்கிற மருந்து அது. இன்னொன்றும் உண்டு. கருவாட்டுக் குழம்புக்கு எவளும் தனியாக உப்புப் போட மாட்டாள். கருவாட்டிலேயே இருக்கும். போட்டால் வாயில் வைக்க முடியாது.

ஆக, டாக்டர் சொன்ன இரண்டையும் அக்கா ஒரு சொல் தவறாமல் செய்தாள். பத்தியம் வைத்தாள். உப்புச் சட்டியைத் தொடவில்லை.

தொடவில்லை என்றால் தொடவேயில்லை. கஞ்சியில் உப்பில்லை. கீரையில் உப்பில்லை. அம்மாவுக்குத் தனிச் சட்டி, தனி அகப்பை. எங்கள் சட்டிக்குள் போன அகப்பையை அம்மாவின் சட்டிக்குள் விடமாட்டாள். ஒரு தடவை நான் மாற்றி விட்டுவிட்டேன் என்று அகப்பையாலேயே முதுகில் ஒன்று வைத்தாள். பால்சுறாவைக் கரை முழுக்கத் தேடி, நல்ல தடித்த கண்டமாகப் பார்த்து வாங்கி வருவாள். அம்மா ஆயுசுக்கும் நல்ல கருவாட்டை விற்றவள். உடைந்ததையும் உதிர்ந்ததையும் தின்றவள். "பெரிய வீட்டுப் பொம்பள மாதிரி என்னை உக்கார வச்சு ஊட்டுறா, இவளுக்கு என்ன கிறுக்குப் புடிச்சிருச்சா" என்று திட்டிக்கொண்டே ருசித்துச் சாப்பிட்டாள். கஞ்சி சப்பென்று இருக்கும். அதனால் குழம்பைக் கூடக் கொஞ்சம் ஊற்றிக்கொள்வாள்.

மாத்திரையில் முதலில் கொஞ்சம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. கால் வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. வயிறு உப்பியது. டாக்டரிடம் திரும்பத் திரும்பப் போனோம். ஒவ்வொரு தடவையும் பத்தியமாக இருக்கிறீர்களா என்று கேட்பார். இருக்கிறோம் என்று அக்கா சத்தியம் பண்ணுவாள். உப்பு என்பார். கல்லைத் தொடுவதே இல்லை என்பாள். இரண்டு பேரும் உண்மையைத்தான் பேசினார்கள். மாத்திரையைக் கூட்டினார். நீர் பிரிவதற்கு ஓர் ஊசி போட்டார். ஊசி போட்ட அன்றும் மறுநாளும் அம்மா மெலிந்து, பழைய முகத்தோடு இருப்பாள். நன்றாகத் தூங்குவாள். அதற்கு மறுநாள் அக்கா சந்தோஷமாகப் பத்தியக் குழம்பு வைப்பாள். திரும்பவும் கால் ஏறும்.

கடைசியில் டாக்டர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் தனியாகச் சொன்னார். மருந்துக்கு அடங்கவில்லை, வயசான இதயம், இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஐம்பது வயசு வயசான இதயமா என்று கேட்டேன். ஐம்பதா, அறுபத்தைந்து அல்லவா என்றார். நான் மேஜையைத் தட்டினேன். மதுரைக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். கொண்டுபோங்கள், நல்லதுதான் என்று அந்த மனுஷர் அங்கே ஒரு பெரிய டாக்டருக்குத் தன் கையாலேயே சீட்டு எழுதிக் கொடுத்தார். அதுவும் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது.

மதுரைக்குப் புறப்பட்ட அன்றைக்குக் காற்று. பாம்பனில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். காற்று இவ்வளவுக்கு மேல் போனால் பாலத்தில் வண்டி விடக் கூடாது. அது சட்டம். எனக்குத் தெரியாத சட்டம் இல்லை. காற்று அடங்குகிற வரைக்கும் கைகாட்டி இறங்காது. மற்ற நாட்களில் ரயில்வேக்காரனாக நின்றுகொண்டு, சத்தம் போடுகிற பிரயாணிகளுக்குப் பதில் சொல்கிறவன் நான். அன்றைக்கு என் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவு காற்று அடிக்கிறது வெளியே. அவளுக்குள் போக ஒரு வாய்க் காற்று இல்லை. என் பாலம், என் வண்டி, என் தண்டவாளம். நான் பிளாட்பாரத்தில் நின்று கைகாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய்க் கத்தினேன். அவர் காற்று மானியைக் காட்டினார். அதற்குப் பிறகு கத்த என்ன இருக்கிறது?

மதியத்துக்கு மேல் விட்டார்கள். மதுரையில் சொந்தக்காரர் ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்தில் தங்கி, காலையில் அக்காவும் நானும் அம்மாவைப் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனோம்.

இவர் வேறு மாதிரி. ஒரு நர்ஸம்மாவை விட்டுத் திரைக்குப் பின்னால் அம்மாவைச் சாய்வாகப் படுக்க வைத்து, சேலையை விலக்கச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். நெஞ்சைத் தொடுவதற்கு முன்னால் கழுத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எங்கள் கண்ணெதிரே அந்தக் கழுத்து நரம்பு அத்தனை மாதமாகத் துடித்துக்கொண்டிருந்தது. யாரும் பார்த்ததில்லை. கையில் பட்டை கட்டி ரத்தக் கொதிப்பு அளந்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். கைகாலில் வயரைக் கட்டி இன்னொரு படம் எடுத்தார்கள். அம்மாவுக்கு அதுதான் பயம். "ஏலே, இவக கரண்ட வச்சுக் கொல்லப் போறாகளா? கொல்றதுன்னா ஊர்லயே செத்திருப்பேன்ல. எதுக்கு டிக்கெட்டு?" என்றாள். நர்ஸம்மா சிரித்துவிட்டாள்.

எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் டாக்டர். நெஞ்சுக்கூட்டில் முக்கால்வாசியை ஒரு வெள்ளைப் பொதி அடைத்துக்கொண்டிருந்தது. "இதயம் பெருசாயிருச்சும்மா" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "கேட்டுக்கடா. எனக்குப் பெரிய மனசுன்னு டாக்டரே சொல்றாரு. உங்க அப்பன் கடைசி வரைக்கும் சொல்லல."

டாக்டர் சிரிக்கவில்லை. என் வேலை என்னவென்று கேட்டார். கேங்மேன் என்றதும், டிராலி தள்ளியிருக்கிறாயா, எதிர்க்காற்றில் தள்ளியிருக்கிறாயா என்று கேட்டார். பல வருஷமாக எதிர்க்காற்றில் டிராலி தள்ளுகிறவன் தோள் முதலில் தடிக்கும், பிறகு தளர்ந்து தொங்கும் அல்லவா, அப்படித்தான் இதுவும் என்றார். ரத்தக் கொதிப்பு அவளுக்குப் பல வருஷமாக இருந்திருக்கிறது. யாரும் அளந்து பார்க்கவில்லை. அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயம் தடித்து, விரிந்து, இப்போது தள்ள மாட்டாமல் நிற்கிறது. தள்ள முடியாத நீர் காலிலும் வயிற்றிலும் நுரையீரலிலும் தங்குகிறது. படுத்தால் நெஞ்சுக்கு ஏறுகிறது. அதனால்தான் உட்கார்ந்து தூங்குகிறாள்.

நான் கேட்டேன், வயசு இல்லையா சார் என்று. அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

"வயசானா எல்லா இதயமும் கொஞ்சம் விறைச்சுத்தான் போகும். முன்ன மாதிரி ஓடியாட முடியாது. ஒரு வேலை செஞ்சா கொஞ்சம் நேரம் இளைப்பாறணும். அது வயசு. கால்ல குழி விழறது வயசில்ல. படுக்க முடியாம உக்காந்து தூங்கறது வயசில்ல. அது நோய். எழுபதுலயும் அது நோய்தான்."

இதை முதலிலேயே ஒருத்தன் சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. அதோடு ஒரு நிம்மதியும் வந்தது. நோய் என்றால் மருந்து உண்டு.

பிறகு டாக்டர் அக்காவைப் பார்த்து, என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார். சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

அக்கா முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டு முன்னால் வந்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி.

"பத்தியந்தான் சார். டாக்டர் சொன்னதுலேர்ந்து ஒரு வேளை தப்புனதில்ல. உப்புப் போடுறதே இல்ல. கஞ்சியும் பால்சுறாக் கருவாட்டுக் கொழம்பும்தான்."

"கருவாடா?"

"ஆமா சார். உப்புப் போடாத கொழம்பு."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். கருவாட்டை எப்படிச் செய்வார்கள் என்று கேட்டார். அக்காவுக்கா தெரியாது? கீறி, குடலை எடுத்து, கழுவி, உப்பு வைத்து என்று சொல்லிக்கொண்டு வந்தவள் அந்த இடத்தில் நின்றாள். வாய் திறந்தபடி இருந்தது.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நான் அவரோடு சண்டைக்குப் போயிருப்பேன், அக்கா அழுதிருப்பாள், ஏதாவது ஒன்று நடந்திருக்கும். அவர் மெதுவாக, கருவாடே முழுக்க உப்புதானம்மா, குடிக்கிற நீரையெல்லாம் அது உடம்பில் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று மட்டும் சொன்னார். அம்மா முந்திக்கொண்டாள். "அவ வேணாம்னுதான் சார் சொன்னா. நான்தான் கேட்டுக் கேட்டுத் தின்னேன். நாக்கு கேக்கல" என்றாள். பச்சைப் பொய். அக்கா அந்தப் பொய்யை மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. திரும்பி வருகிற வண்டியில் மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் எல்லாம் போனது. அவள் அம்மாவின் காலை அமுக்கி, விழுகிற குழியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஊருக்கு வந்த மறுநாள் நான் பாம்பன் டாக்டரிடம் போனேன். அடிக்கிற எண்ணத்தில்தான் போனேன். பொய் சொல்லவில்லை. வரிசையில் இருந்தவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், பத்தியம் என்று சொன்னாயே, எங்கள் ஊரில் பத்தியம் என்றால் என்ன தெரியுமா என்று ஒருமையிலேயே கேட்டேன். பால்சுறா என்றேன். கருவாடு என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் செத்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்குப் புரியற வார்த்தையா இருக்கட்டும்னுதான்யா பத்தியம்னு சொன்னேன்" என்றார். "எங்க ஊர்ல பத்தியம்னா மோர்சாதந்தான், சுட்ட அப்பளம்கூட கிடையாது. அதுல கருவாடு எப்படி வரும்னு நான் நினைப்பேன்?"

நான் என்ன செய்ய? அந்த மனுஷர் தன் டாக்டர் பாஷையில் பேசியிருந்தால் அக்கா ஒன்றுக்கு நான்கு தடவை திருப்பிக் கேட்டிருப்பாள். எங்கள் பாஷையில் பேச வேண்டும் என்று நினைத்தார். எங்களுடைய சொல்லையே எடுத்துக் கொடுத்தார். அதனால் யாரும் எதையும் கேட்கவில்லை. இதற்கு எவன் சட்டையைப் பிடிப்பது? வாசலில் இருந்தவர்கள் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்த கோபத்தை இறக்கிவைக்க இடமில்லாமல் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

கருவாட்டை நிறுத்தினோம். மதுரை மாத்திரை, அவ்வப்போது அந்த ஊசி, உப்பில்லாத சோறு, உப்பில்லாத மீன். பச்சை மீனை மிளகு தடவி அவித்து வைப்பாள் அக்கா. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "மண்ணத் தின்னுட்டு மண்ணுக்குள்ள போறதுக்கு, நேரா மண்ணுக்குள்ளயே போகலாம்" என்பாள். ஆனாலும் தின்றாள். அக்காவுக்காகத் தின்றாள். கால் வடிந்தது. தூங்குகிறபோது சாய்மானம் குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே நடந்து கோயில் பூசைக்குப் போய், வழியில் கொண்டையை அவிழ்க்காமல் திரும்பி வந்தாள். நான் அன்றைக்குத் தீர்மானம் பண்ணிவிட்டேன், இனி பயமில்லை என்று. கண்ணுக்குத் தெரிகிறதே. குழி விழவில்லையே.

அது அவ்வளவுதான். மழைக்காலம் வந்தபோது திரும்பவும் இருமல். நுரையாகச் சளி. உப்பு ஒரு கல் இல்லை, கருவாடு இல்லை, மாத்திரை ஒரு வேளை தவறவில்லை. இருந்தும் கால் ஏறியது. இந்தத் தடவை குற்றம் சொல்ல ஒரு காரணம்கூட இல்லை. அம்மாவை அசைக்க முடியாத நிலை. நான் மட்டும் மதுரைக்குப் போய்க் கேட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தளர்ந்த தோளில் மருந்து கொஞ்ச காலம்தான் வேலை செய்யும் என்றார். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். பெரிதாக எதிர்பார்க்காதே என்று அவர் சொல்லவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்.

நான் எழுந்திருக்கவில்லை. ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் போக மாட்டேன் என்று உட்கார்ந்தேன். அந்தப் பத்தியம் இல்லாமல் இருந்திருந்தால் அம்மா தேறியிருப்பாளா? இதில் கொதிப்பு எவ்வளவு, அவள் சுமந்த சுமை எவ்வளவு, கருவாடு எவ்வளவு?

"அதைப் பிரிச்சுச் சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்லப்பா" என்றார். "நான் அவங்களைப் பார்க்கும்போதே இதயம் ரொம்பக் கெட்டுப்போயிருந்தது. அதுக்கு முன்னாடி எப்படி இருந்ததுன்னு பார்த்தவங்க யாரும் இல்ல."

அம்மா ஒரு மத்தியானம் செத்துப்போனாள். உட்கார்ந்தபடி, அக்காவின் தோளில் சாய்ந்தபடி. நான் தண்டவாளத்தில் வேலையில் இருந்தேன். ஆள் வந்து சொன்னான். வீட்டுக்கு வந்தபோது கூட்டம் நிறைந்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். காலம் முடிஞ்சுபோச்சு, வயசாச்சுல்ல. கிடத்தியிருந்த உடம்பின் முன்னால் நின்று, இவளுக்கு ஐம்பதுதான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் என்ன? ஐம்பது என்றால் எப்படிச் செத்தாள் என்று கேட்பார்கள். அதைச் சொன்னால் அக்காவைப் பார்ப்பார்கள்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். அத்தான் கொழும்பிலிருந்து வந்து போய்விட்டார். வேலை முடிந்து வந்து நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"ஏலே. அன்னைக்கு நீ மட்டும் மதுரைக்குப் போனியே. அந்தக் கருவாடு இல்லாட்டி அம்மா இருந்திருக்குமான்னு கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாக?"

எனக்குப் பூசி மெழுகிப் பேசத் தெரியாது. "தெரியலையாம்க்கா. பிரிச்சுச் சொல்ல முடியாதாம்" என்றேன்.

அக்கா மீனை அலசிக்கொண்டே இருந்தாள். அலசின மீனையே திரும்ப அலசினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுவும் தெரியாது. காப்பாத்தவும் முடியல. அப்புறம் எதுக்குடா அம்புட்டுத் தூரம் கூட்டிட்டுப் போன? இங்கனயே செத்திருந்தா, வயசாகிச் செத்துப்போச்சுன்னு நானும் இருந்திருப்பேன்ல?"

நான் சண்டைக்காரன். யாருக்கும் பதில் சொல்லாமல் விட்டவன் இல்லை. ஈரக்கையோடு நின்றேன். அவள் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.